அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சொல்றான், என்ன பண்றது?

கேள்வி | மார்ச் 4, இரவு 10:42

அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர், இப்ப ஈரலுக்கும் பரவிடுச்சு. டாக்டர் எங்கள மட்டும் தனியா கூப்ட்டு, இனிமே கீமோ குடுத்தாலும் பெருசா பலன் இருக்காது, மாசக்கணக்குதான்னு சொல்லிட்டார். அப்பாகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாதுங்கறான் அண்ணன், தெரிஞ்சா மனசொடிஞ்சு அப்பவே போயிடுவாராம். அம்மாவும் அதே பாட்டுதான். அப்பா தினமும் ரிப்போர்ட் வந்துச்சான்னு கேக்கறார், நான் இன்ஃபெக்‌ஷன்தான்பான்னு சமாளிச்சிட்டு இருக்கேன். இது சரியா?

மார்ச் 4, இரவு 11:35

தம்பி, நான் பேலியேட்டிவ் வார்டுல, அதாவது பெரிய வியாதிக்காரங்களுக்கு வலியும் கஷ்டமும் கொறைக்கற வார்டுல, நர்ஸ், நைட் ட்யூட்டி நெறைய பாத்தவ, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். அப்பாவுக்குத் தெரியாதுன்னு நீங்க எல்லாரும் நெனச்சிட்டு இருக்கீங்க. பெரும்பாலும் தெரிஞ்சிருக்கும். உடம்பு அவரோடது. சட்டை தொளதொளன்னு ஆனது அவருக்குத்தான் மொதல்ல தெரியும், பாத்ரூம் வரைக்கும் நடந்தா மூச்சு வாங்கறதும் அவருக்குத்தான் தெரியும், ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் இவர் மூஞ்சியப் பாக்காம சார்ட்டையே பாத்துட்டு நகர்றதும், நீங்க வராண்டாவுக்குப் போய் கண்ணத் தொடச்சிட்டு சிரிச்சிக்கிட்டே உள்ள வர்றதும் அவர் கண்ணுல படாமலா இருக்கும்.

பகல்ல சொந்தக்காரங்க சுத்தி இருக்கறப்ப "எனக்கென்ன, நல்லாதான் இருக்கேன்"ம்பாங்க. அதே ஆளு ராத்திரி ரெண்டு மணிக்கு டிரிப்ஸ் மாத்தப் போனா மெதுவா கேப்பாரு, "சிஸ்டர், நான் வீட்டுக்குப் போவேனா?" பெத்த புள்ளகிட்ட கேக்க முடியாம யாரோ ஒரு நர்ஸ்கிட்ட அதக் கேக்கறாங்க பாரு, எனக்கு அதுதான் தாங்காது.

அதுக்காக ஒடனே போய் எல்லாத்தையும் போட்டு உடைச்சிடாத. மொதல்ல கேளு. "டாக்டர் உங்ககிட்ட என்னப்பா சொன்னார், உங்களுக்கு உடம்பப் பத்தி என்ன தோணுது?" கேட்டுட்டு வாய மூடிட்டு இரு. அவ்ளோதான் மொத வேலை.

மார்ச் 5, காலை 6:50

ட்யூட்டி முடிஞ்சு எழுதறேன். அந்த இன்ஃபெக்‌ஷன் பொய்ய மட்டும் இனிமே வளக்காத. இன்ஃபெக்‌ஷன்னா ஆன்டிபயாட்டிக் குடுத்து சரியாகணும்ல, ஏன் ஆகலன்னு கேப்பாரு, அதுக்கு ஒரு பொய் வேணும், அம்மா வேற ஒண்ண சொல்லுவாங்க, அண்ணன் வேற ஒண்ண சொல்லுவான். அப்புறம் நீங்க உண்மைய சொன்னாலும் நம்ப மாட்டார், வலிக்கு மருந்து தரோம்னு சொன்னாகூட சந்தேகமா பாப்பார்.

ரிப்போர்ட் கேட்டா இப்படி சொல்லிப் பாரு: "வந்துருச்சுப்பா. டாக்டர் எங்ககிட்ட கொஞ்சம் பேசினார். உங்களுக்கு எல்லா விவரமும் தெரியணுமா, இல்ல முக்கியமானது மட்டும் போதுமா, இல்ல எங்களையே பாத்துக்க சொல்றீங்களா?" மூணுல எத சொன்னாலும் அது அவர் எடுத்த முடிவு. இப்ப அந்த முடிவ அண்ணன் எடுத்துட்டு இருக்கான்.

மார்ச் 5, இரவு 9:15

ஒரு கணவன் மனைவியப் பத்தி சொல்லணும்னு தோணுது, அடையாளம் எதுவும் தெரியாத மாதிரி சொல்றேன். அவருக்கு கணையத்துல கேன்சர். அந்தம்மா என்கிட்ட வந்து, "அவருக்குத் தெரியாதுமா, தயவு செஞ்சு வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க"ன்னு கையப் புடிச்சிக்கிட்டாங்க. அன்னிக்கே சாயங்காலம் அவரு, அந்தம்மா கீழ போன நேரமா பாத்து, தலகாணி உறைக்குள்ள கைய விட்டு ஒரு பேப்பர் எடுத்தாரு, நாலா மடிச்சு ஓரமெல்லாம் நஞ்சுபோன பேப்பர். பேங்க் அக்கவுண்ட், எல்ஐசி, யாருக்கு எவ்ளோ பாக்கி, எல்லாம் அவர் கையெழுத்துல, நடுநடுவுல பேனா நடுங்கியிருக்கு. "சிஸ்டர், நான் போனப்புறம் இத அவகிட்ட குடுங்க, இப்ப குடுத்தா பயந்துடுவா"ங்கறார். ஒரே ரூம்ல ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நடிச்சிட்டு இருந்திருக்காங்க, அதுவும் அவ்ளோ பாசத்தோட.

நான் அவர்கிட்ட சொன்னது ஒண்ணுதான், "நீங்களே குடுங்களேன், நான் பக்கத்துல இருக்கேன்." குடுத்தாரு. அந்தம்மா ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் அந்தப் பேப்பர்ல இருந்த ஒரு கணக்கு தப்புன்னு சண்டை போட்டாங்க, ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் அவர் நிம்மதியா தூங்கி நான் பாத்தேன்.

கிளேசர், ஸ்ட்ராஸ்னு ரெண்டு அமெரிக்க சமூகவியல்காரங்க ஆஸ்பத்திரிகள்ல உக்காந்து கவனிச்சு 1965-லயே இத எழுதிட்டாங்க. சாகப்போறவருக்கு ஒண்ணுமே தெரியாம இருக்கறது ஒரு நிலை, சந்தேகப்பட்டு தோண்டித் தோண்டி கேக்கறது ஒரு நிலை, எல்லாருக்கும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கறது ஒண்ணு, வெளிப்படையா பேசிக்கறது ஒண்ணு. நம்ம வீடுகள் மூணாவதுலயே நின்னுடுது. அதுல கொடுமை என்னன்னா, போறவரு தனியா பயப்படறார், இருக்கறவங்க தனியா அழறாங்க.

மார்ச் 6, மாலை 4:20

இதெல்லாம் வெள்ளக்காரன் பழக்கம், நம்ம ஆளுங்க மனசு தாங்காதுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஐயா, அவங்களும் சொல்லாம இருந்தவங்கதான். அமெரிக்காவுல 1961-ல டாக்டர்கள்கிட்ட கேட்டப்ப கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் கேன்சர்னு பேஷன்ட்கிட்ட சொல்ல மாட்டோம்னாங்க. அதே கேள்வித்தாள 1977-ல வேற டாக்டர்கள்கிட்ட குடுத்தப்ப 97 சதவீதம் சொல்லுவோம்னாங்க. பதினாறு வருஷத்துல மனுஷ மனசு மாறிடல, வைத்தியமும் பேசற முறையும் மாறுச்சு.

மனசொடிஞ்சு அப்பவே போயிடுவார்ங்கற பயத்துக்கு வரேன், ஏன்னா அது நெசமான பயம், அண்ணன குறை சொல்ல மாட்டேன். 2008-ல அமெரிக்காவுல முத்தின கேன்சர் பேஷன்ட்கள் 332 பேர வெச்சு பாத்தாங்க. கடைசிக்கால சிகிச்சை பத்தி டாக்டர் பேசினவங்களுக்கு மனச்சோர்வோ கவலையோ கூடல. கடைசி வாரத்துல அவங்க ஐசியூவுக்கும் வென்டிலேட்டருக்கும் போனது கம்மி. பேஷன்ட் இறந்தப்புறம் யார் அதிகமா உடைஞ்சாங்கன்னா, கடைசி வரைக்கும் மெஷின்ல போராடினவங்களோட குடும்பத்து ஆளுங்கதான்.

மார்ச் 6, இரவு 11:50

மேல எழுதினத படிச்சா "சொல்லியே ஆகணும்"ங்கற மாதிரி இருக்கு. அப்படி எடுத்துக்காதீங்க. நல்ல டாக்டர் ஒருத்தர் உண்மைய மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டு, மூணு நிமிஷத்துல அடுத்த பெட்டுக்குப் போனதையும் பாத்திருக்கேன், அந்த பேஷன்ட் அன்னிக்கு ராத்திரி முழுக்க செவுத்தப் பாத்து திரும்பிப் படுத்திருந்தார். அதுக்கு மறைக்கறதே தேவல.

பக்மன்னு ஒரு கேன்சர் டாக்டரும் அவரோட சேந்தவங்களும் கெட்ட செய்திய எப்படி சொல்றதுன்னு 2000-ல ஆறு படியா ஒரு முறை எழுதினாங்க, ஸ்பைக்ஸ்னு ட்ரெய்னிங்ல சொல்லிக்குடுப்பாங்க. தனியா உக்கார எடம் பாக்கறது, அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு கேக்கறது, எவ்ளோ தெரிஞ்சிக்கணும்னு கேக்கறது, அப்புறம்தான் சொல்றது, அப்புறம் அழுகையோ கோவமோ வந்தா அதுக்கு எடம் குடுக்கறது, கடைசியா அடுத்து என்னன்னு பேசறது. சொல்றது நாலாவதாதான் வருது பாத்தீங்களா. பல எடத்துல அதுலயே ஆரம்பிச்சு அதுலயே முடிச்சிடறாங்க.

மார்ச் 7, காலை 7:10

டாக்டர் மாசக்கணக்குன்னு சொன்னார்னு எழுதியிருந்த. அத கொஞ்சம் ஜாக்கிரதையா எடுத்துக்கோ. கிறிஸ்டாகிஸ், லமான்ட்னு ரெண்டு பேர் 2000-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஹாஸ்பிஸ்ல, அதாவது கடைசிக்காலத்துல கவனிச்சுக்கற எடத்துல, சேந்த 468 பேருக்கு, இவர் எவ்ளோ நாள் இருப்பார்னு டாக்டர்களையே கணிக்கச் சொன்னாங்க. ஓரளவு சரியா வந்தது 20 சதவீதம். 63 சதவீதம் கூடுதலா சொல்லிட்டாங்க. மொத்தமா பாத்தா நெசத்தவிட அஞ்சு மடங்குக்கு மேல. டாக்டருக்கு பேஷன்ட ரொம்ப நாளா தெரியும்னா கணிப்பு இன்னும் தப்பாச்சு, பாசம்தான் காரணம்னு எனக்குத் தோணும்.

அதனால தேதி கேக்காத. "நாள் கணக்கா, வாரக் கணக்கா, மாசக் கணக்கா?"ன்னு கேளு. வாரத்துக்கு வாரம் உடம்பு எறங்குதுன்னா மிச்சம் இருக்கறது வாரங்கள், நாளுக்கு நாள் எறங்குதுன்னா நாட்கள், நாங்க வார்டுல அப்படித்தான் பாப்போம். வெளியூர்ல இருக்கறவங்க வரணும்னா "முடிஞ்சா இப்பவே வாங்க"ன்னு சொல்லிடு. சீக்கிரம் வந்துட்டோமேன்னு யாரும் வருத்தப்பட்டு நான் பாத்ததில்ல.

மார்ச் 7, இரவு 10:05

ஒரு சின்ன விஷயம். 1984-ல ஒரு ஆய்வுல பேஷன்ட் பேச ஆரம்பிச்சா சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்க பேசிடறார்னு கண்டுபுடிச்சாங்க. வீட்டு ஆளுங்களும் கொறஞ்சவங்க இல்ல. "எனக்கு பயமா இருக்கு"ன்னு அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா"ன்னுடறோம். அவ்ளோதான், கதவ சாத்தியாச்சு. அதுக்கு பதிலா "எத நெனச்சுப்பா பயமா இருக்கு?"ன்னு கேட்டா வர்ற பதில் நீங்க நெனச்சதா இருக்காது. சாவுக்கு பயம்னு நெனப்பீங்க, அவரு மூச்சுத் திணறி போயிடுவேனோன்னு பயப்படுவாரு. அதுக்கு மருந்து இருக்கு. அம்மாவ யார் பாத்துப்பாங்கன்னு பயப்படுவாரு. அதுக்கு நீங்க இருக்கீங்க. கேட்டாத்தான தெரியும்.

மார்ச் 9, மதியம் 2:30

"என்ன செலவானாலும் எல்லாத்தையும் பண்ணுங்கன்னு சொல்லிட்டோம், தப்பா?"ன்னு அவங்க அப்பாவப் பத்தி இங்க கேட்ட இன்னொரு அம்மாவுக்கு. தப்பில்ல. உங்ககிட்ட கேட்ட விதம் சரியில்ல. "வென்டிலேட்டர் வேணுமா வேணாமா"ன்னு கேட்டா எந்தப் புள்ள வேணாம்னு சொல்லும், அப்பாவ நானே கொன்ன மாதிரி ஆயிடுமேன்னுதான் தோணும்.

சரியான கேள்வி வேற. "உங்க அப்பா நல்ல நெனவோட இங்க உக்காந்து நாம பேசறதக் கேட்டுட்டு இருந்தா, தனக்கு என்ன வேணும்னு சொல்லியிருப்பார்?" இத கேட்டதும் ரூம்ல இருக்கறவங்க மூஞ்சியே மாறும், ஏன்னா முடிவு அவங்க தலைல இல்ல, அப்பா எப்படிப்பட்டவர்னு ஞாபகப்படுத்தி சொன்னாப் போதும். ஆனா அவர் நெனவோட இருக்கறப்ப அவர்கிட்டயே கேட்டுட்டா இந்த ஊகமே வேணாம். சொல்லணும்னு நான் தொண்டத்தண்ணி வத்தறதுக்கு பாதி காரணம் இதுதான்.

சிபிஆர், அதாவது நின்னுபோன நெஞ்ச அமுக்கி திரும்ப ஓட வெக்கப் பாக்கறது, அதப் பத்தியும் சொல்லிடறேன், டிவி சீரியல்ல பாக்கறத வெச்சு முடிவெடுக்கறாங்க. 1996-ல அமெரிக்க டிவி தொடர்கள எண்ணிப் பாத்தாங்க, சிபிஆர் குடுத்தவங்கள்ல முக்கால்வாசி பேர் அப்பவே பொழச்சாங்க. நெசத்துல ஆஸ்பத்திரிக்குள்ளயே நெஞ்சு நின்னவங்கள்ல வீடு திரும்பறது அஞ்சுல ஒருத்தர் அளவுதான், உடம்பு முழுக்க பரவின கேன்சர்ல அதவிட ரொம்பக் கம்மி. நெஞ்ச அமுக்கறப்ப விலா எலும்பு உடையும். சிபிஆர் வேணாம்னு எழுதிக்குடுத்தா மருந்தும் கவனிப்பும் நின்னுடும்னு பயப்படறாங்க, நிக்கக்கூடாது, நிறுத்தினா சண்டை போடுங்க.

சாகற நிலைல இருக்கறவங்களோட குடும்பத்துகிட்ட டாக்டர்கள் எப்படி பேசறாங்கன்னு பிரான்ஸ்ல 22 ஐசியூவுல ஒரு ஆய்வு பண்ணி 2007-ல போட்டாங்க. ஒரு பக்கம் வழக்கமா பேசறது, இன்னொரு பக்கம் குடும்பத்த உக்கார வெச்சு அவங்க பேசறத கேக்கறது, அழ விடறது, பேஷன்ட் எப்படிப்பட்ட மனுஷன்னு கேக்கறது. கூட்டம் 20 நிமிஷத்துலேந்து 30 நிமிஷம் ஆச்சு, குடும்பம் பேசின நேரம் 5 நிமிஷத்துலேந்து 14 ஆச்சு. மூணு மாசம் கழிச்சு பாத்தா அதிர்ச்சியோட பாதிப்பு இருந்தவங்க 69 சதவீதத்துலேந்து 45 ஆ கொறஞ்சிருக்கு. கூடுதலா பத்தே நிமிஷம். ஆள் பத்தல, நேரம் இல்லன்னு சொல்றப்பல்லாம் எனக்கு இந்த பத்து நிமிஷம்தான் ஞாபகம் வரும்.

மார்ச் 10, இரவு 1:40

கடுமையான வலிக்கு குடுக்கற மார்ஃபின் மருந்த குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்கன்னு இங்க போட்டவருக்கு. அது தப்பு. கொஞ்சத்துல ஆரம்பிச்சு வலிக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குடுத்தா மார்ஃபின் ஆயுள கொறைக்காது, மூச்சுத் திணறலுக்கும் அதுதான் நல்ல மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1986-லயே கேன்சர் வலிக்கு மருந்த படிப்படியா கூட்டி, கடுமையான வலிக்கு மார்ஃபின் குடுக்கச் சொல்லி வழிமுறை போட்டுச்சு. மலச்சிக்கல் கண்டிப்பா வரும், கூடவே அதுக்கும் மருந்து கேட்டு வாங்குங்க. கடைசி டோஸ் குடுத்த அப்புறம் போயிட்டார்னா அந்த டோஸால போனார்னு அர்த்தம் இல்ல, யாருக்கும் ஏதோ ஒரு டோஸ் கடைசி டோஸாத்தான் இருக்கும். இத முன்னாடியே சொல்லி வெக்கலன்னா, மருந்த கையால குடுத்த பொண்ணு வருஷக்கணக்கா அத சுமக்கும்.

மார்ச் 12, காலை 8:00

தம்பி போட்டத பாத்தேன். அப்பாகிட்ட கேட்டிருக்கான். அவரு சொன்னது: "விவரமெல்லாம் எனக்கு வேணாம்டா. டாக்டர்கிட்ட நீங்களே பேசிக்கோங்க. வலி மட்டும் இல்லாம பாத்துக்கோ." அண்ணன் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னானாம்.

அண்ணன் சொன்ன மாதிரிதான் முடிஞ்சிருக்கு, ஆனா இது வேற. நேத்து வரைக்கும் அவருக்கு வாய்ப்பே குடுக்கல. இப்ப கேட்டாச்சு, அவர் வாயால சொல்லிட்டார். தெரிஞ்சிக்க வேணாம்னு சொல்றதும் அவரோட உரிமை, அதையும் அப்படியே மதிக்கணும், கட்டாயப்படுத்தி உக்கார வெச்சு சொல்றது அக்கிரமம்.

மார்ச் 12, மதியம் 3:15

காலைல அவசரத்துல எழுதினது, யோசிச்சிட்டே இருந்தேன். "வலி மட்டும் இல்லாம பாத்துக்கோ"ன்னு சொன்னார்ல, சாதாரண இன்ஃபெக்‌ஷன்னு நம்பறவர் அப்படி சொல்ல மாட்டார். அவர் தனக்கு வேணுங்கறத சொல்லிட்டார். இந்த ஒரு வரிய அப்படியே டாக்டர்கிட்ட கொண்டு போ. ஐசியூவா வார்டா வீடான்னு முடிவெடுக்கற நாள்ல அண்ணனும் நீயும் மோதிக்க வேணாம், அப்பா சொன்ன வரி கைல இருக்கு.

கேள்விய ஒரு தடவையோட முடிச்சிடாத. இன்னிக்கு வேணாம்பார், அடுத்த வாரம் ராத்திரில கூப்ட்டு கேப்பார். "எப்ப கேக்கணும்னு தோணுதோ கேளுங்கப்பா, நான் பொய் சொல்ல மாட்டேன்"னு மட்டும் சொல்லி வெச்சிடு. "நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னாலும் பேங்க், கையெழுத்து, யாரப் பாக்கணும்னு இருக்கு, இதெல்லாம் வியாதி பேர சொல்லாமலே கேக்கலாம்.

வலின்னா உடம்பு வலி மட்டும்தானான்னும் ஒரு நாள் கேட்டுப் பாரு. 1967-ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ் மொதல்ல நர்ஸு, அப்புறம் சமூகப் பணியாளர், அப்புறம்தான் டாக்டர். உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேந்துதான் வலின்னு அவங்கதான் அழுத்தி சொன்னாங்க. மாத்திர எவ்ளோ கூட்டியும் வலி அடங்காத ஒருத்தருக்கு, பேசாம இருந்த தம்பி வந்து உக்காந்த சாயங்காலம் டோஸ் கொறஞ்சத நான் பாத்தேன்.

மார்ச் 12, இரவு 9:40

பேலியேட்டிவ்க்கு அனுப்பினா கைய விரிச்சுட்டாங்கன்னு அர்த்தமான்னு அண்ணன் கேட்டானாம். உங்க அப்பாவோட வியாதிலயே பதில் இருக்கு. பரவின நுரையீரல் கேன்சர் பேஷன்ட்கள் 151 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு வியாதிய கண்டுபுடிச்ச ஆரம்பத்துலேந்தே, வழக்கமான சிகிச்சையோட பேலியேட்டிவ் கவனிப்பையும் சேத்துக் குடுத்தாங்க, 2010-ல முடிவு வந்துச்சு. அவங்க மனநிலையும் அன்றாட வாழ்க்கையும் நல்லா இருந்துச்சு, கடைசில கடுமையான சிகிச்சை கம்மியா எடுத்தும் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டின காலம், 11.6 மாசம், மத்தவங்களுக்கு 8.9. உங்க அப்பாவுக்கு இதே கணக்கு வரும்னு நான் சொல்லல, அவர் நிலைமை முத்தினது. ஆனா எங்க வார்டுக்கு வந்தா கைவிட்டதா நெனக்காதீங்க.

மார்ச் 15, இரவு 11:20

சாப்பிடவே மாட்டேங்கறார், பட்டினி போட்டு கொல்றோமான்னு அம்மா அழறாங்கன்னு எழுதியிருக்க. அம்மாகிட்ட யாராவது உக்காந்து நிதானமா சொல்லணும்: சாப்பிடாததால அவர் போகல, வியாதியால உடம்பு மூடிக்கிட்டு வருது, அதனால பசி நின்னு போச்சு. திணிச்சா புரையேறும். டிரிப்ஸ் ஏத்தினா சில சமயம் காலு வீங்கி, தொண்டைல சளி கட்டி கஷ்டம்தான் கூடும். ஈரப் பஞ்சால உதட்டையும் வாயையும் தொடச்சு விடச் சொல்லு, அம்மாவுக்கு கையால செய்ய ஒரு வேலை வேணும்.

கடைசி நாட்கள்ல வர்றத இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லி வை. தூக்கம் கூடும். கை கால் சில்லுனு ஆகும். மூச்சு வேகமா போகும், நிக்கும், திரும்ப வரும், நிக்கற நேரத்துல எல்லாரும் பதறுவீங்க. தொண்டைல கரகரன்னு சத்தம் வரும், கேக்கறவங்களுக்குத்தான் பயங்கரம், பெரும்பாலும் அவருக்கு அது தெரியறதில்ல, ஒருக்களிச்சு படுக்க வெச்சா கொறையும். பேச்சு நின்னாலும் பேசுங்க. கனடாவுல 2020-ல, கூப்ட்டா அசையாத ஹாஸ்பிஸ் பேஷன்ட்கள் சிலரோட மூளை, சத்தத்துக்கு நல்லா இருக்கறவங்க மூளை மாதிரியே பதில் குடுக்கறத பதிவு பண்ணாங்க. என்ன புரிஞ்சுதுன்னு அது சொல்லல. ஆனா கட்டில் பக்கத்துல நின்னு சொத்து பேசற சொந்தக்காரங்கள வெளிய அனுப்ப எனக்கு அது போதும்.

மார்ச் 16, காலை 7:30

அண்ணன் பொண்ணுக்கு ஆறு வயசு, தாத்தா பத்தி என்ன சொல்றதுன்னு கேட்டிருந்த. நெசத்த சின்னதா சொல்லுங்க. தாத்தாவுக்கு ரொம்ப பெரிய வியாதி, மருந்தால சரி பண்ண முடியல, இறந்துடுவார். தூங்கப் போறார்னு சொன்னா அது ராத்திரி தூங்கவே பயப்படும். நீ பண்ணின எதனாலயும் வரல, உனக்கு ஒட்டிக்காதுன்னு கேக்காமலே சொல்லுங்க, அந்த வயசுல குழந்தைங்க தன்னாலதான்னு நெனச்சுக்கும். தாத்தாவ பாக்க வரணுமான்னு கேளுங்க, வரேன்னா கூட்டிட்டு வாங்க, மொதல்லயே ட்யூப் இருக்கும், தாத்தா மெலிஞ்சிருப்பார்னு சொல்லிட்டு.

நாளைக்கு டாக்டர பாக்கப் போறீங்க இல்ல, அண்ணனையும் கண்டிப்பா கூட்டிட்டு போ. அவன் தனியா ஒரு தகவல் கேட்டுட்டு வந்தா மறுபடி ஆரம்பிச்சிடும். கேள்விகள பேப்பர்ல எழுதிட்டு போ. ராத்திரி மூச்சு வாங்கினா யாருக்கு போன் பண்ணணும், வலி திடீர்னு கூடினா எந்த மருந்து எவ்ளோ குடுக்கலாம், அது வீட்டுல முன்கூட்டியே இருக்குமா, வாயால முழுங்க முடியாம போனா மருந்த எப்படி குடுக்கறது, வீட்டுலயே போயிட்டா சர்டிஃபிகேட் யார் குடுப்பாங்க. பதில எழுதி வாங்கிட்டு வா, ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டு, அம்மாவுக்கு படிக்கற மாதிரி பெரிய எழுத்துல.